சதுரம் சேர்த்த முதல் போர்வை: நிட்டிங் லூமா, ஆணித்தறியா, குரோஷேயா, ஊசியா?

சிறு சிறு சதுரங்களாகப் பின்னி, அவற்றை இணைத்துப் போர்வையாக்க விரும்பும் புதியவர்களில் பலர் தொடங்கும் முன்பே ஒரு கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள். முளைகள் பதித்த நிட்டிங் லூமை வாங்குவதா, சட்டத்தைச் சுற்றி ஆணிகள் நிற்கும், நெய்வதற்கான சிறிய ஆணித்தறியை வாங்குவதா, வீட்டில் இருக்கும் குரோஷே ஊசியே போதுமா, அல்லது இரண்டு ஊசிப் பின்னலைக் கற்றுக்கொள்வதா என்பதே அந்தக் கேள்வி. நான்கிலும் போர்வை வரும். ஆனால் எந்தக் கருவியில் சதுரம் விரைவாக வருகிறது என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களே பெரும்பாலும் பாதியில் நிறுத்துகிறார்கள். முடிக்கப்படாத போர்வைகளில் சதுரங்கள் பெரும்பாலும் தயாராகவே இருக்கும். இணைப்பு வேலைதான் தொடங்கப்படாமல் பைக்குள் கிடக்கும். ஆகவே இந்த ஒப்பீட்டில் சதுரம் பின்னும் வேலைக்கு இணையாக, இன்னும் சொன்னால் அதைவிடச் சற்றுக் கூடுதலாக, இணைக்கும் வேலைக்கு எடை கொடுத்திருக்கிறேன்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, சதுரங்கள் ஒரே அளவில் வருகின்றனவா என்பது. புதியவரின் கையில் நூலின் இழுவை நாளுக்கு நாள் மாறும். காலையில் இறுக்கமாகவும் இரவில் தளர்வாகவும் பின்னுவது இயல்பு. முதல் சதுரம் 19 செ.மீ., பத்தாவது சதுரம் 21 செ.மீ. என்று அமைந்தால் தனித்தனியே பார்க்கையில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஏழு சதுரங்களை வரிசையாக இணைக்கும்போது பெரியது சுருங்கிப் புடைக்கும், சிறியது இழுபட்டு விறைக்கும், மூலைகள் ஒன்றோடொன்று சேராது. இந்த இழுவை மாற்றத்தை எந்தக் கருவி எவ்வளவு தாங்கிக்கொள்கிறது என்பது மிக முக்கியம்.

இரண்டாவது, இணைப்பு வேலையின் மொத்த அளவு. இதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஒப்பீட்டுக்காக 100 செ.மீ. அகலமும் 140 செ.மீ. நீளமும் உள்ள ஒரு போர்வையை எடுத்துக்கொள்கிறேன். இது ஒரு குழந்தைக்கோ, நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் மடிக்கோ போதுமானது. 2008இல் தென்னாப்பிரிக்காவில் ஆதரவற்ற குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட நிட்-எ-ஸ்கொயர் அமைப்பு பல நாட்டினரிடமிருந்து 20 செ.மீ. சதுரங்களைப் பெற்று, 35 சதுரங்களை ஒரு போர்வையாக இணைப்பதை வழக்கமாக்கியது. அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஏழு என்று அடுக்கினால் சரியாக இந்த அளவுதான் வரும். இதற்குத் தைக்க வேண்டிய மொத்த நீளம் 11.6 மீட்டர். அதே போர்வையை 10 செ.மீ. சதுரங்களால் செய்தால் 140 சதுரங்கள் வேண்டும், தையலின் நீளம் 25.6 மீட்டராகிவிடும். ஒவ்வொரு சதுரத்திலும் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இரண்டு நூல் முனைகள் தொங்கும். 35 சதுரங்களில் 70 முனைகள், 140 சதுரங்களில் 280 முனைகள். ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்து உள்ளே செருகி மறைக்க வேண்டும். சதுரத்தின் அளவைப் பாதியாக்குவது சிறிய முடிவாகத் தோன்றினாலும், போர்வை முடியுமா முடியாதா என்பதை அதுவே தீர்மானிக்கும்.

மூன்றாவது, நூல். கருவி ஒருமுறை வாங்குவது, நூல்தான் உண்மையான செலவு. நான்காவது, கற்பதற்கும் தவறைத் திருத்துவதற்கும் உள்ள வசதி. அருகில் கேட்டுக் கற்றுக்கொள்ள ஆள் உண்டா என்பதும் இதில் அடங்கும். கடைசியாக, போர்வை எங்கே பயன்படப்போகிறது என்பது. உதகையிலோ நுவரெலியாவிலோ டொராண்டோவிலோ தேவைப்படும் கனம் சென்னையில் ஏசி அறைக்குத் தேவைப்படாது.

## ஒரே பார்வையில்

| | நிட்டிங் லூம் | ஆணித்தறி | குரோஷே | இரண்டு ஊசிப் பின்னல் |
|---|---|---|---|---|
| வசதியான சதுர அளவு | 20 செ.மீ. | 10 செ.மீ. | 20 செ.மீ. அல்லது விரும்பிய அளவு | 20 செ.மீ. |
| 100 × 140 செ.மீ. போர்வைக்கு | 35 | 140 | 35 | 35 |
| தையலின் நீளம் | 11.6 மீ. | 25.6 மீ. | பின்னும்போதே இணைக்கலாம் | 11.6 மீ. |
| மறைக்க வேண்டிய முனைகள் | 70 | 280 | ஒரு நிறமெனில் 70, நான்கு நிறமெனில் 280 | 70 |
| புதியவர் கையில் ஒரே அளவு | பெரும்பாலும் வரும் | ஏறக்குறைய எப்போதும் வரும் | பழகும்வரை மாறும் | பழகும்வரை மாறும் |
| நூல் | தடித்தது, அதிக எடை | நடுத்தரம், குறைந்த எடை | நடுத்தரம், சற்று அதிகம் | நடுத்தரம் |
| தவறைத் திருத்துதல் | எளிது | மிக எளிது | மிக எளிது | புதியவருக்குக் கடினம் |

## நிட்டிங் லூம்

பிளாஸ்டிக் சட்டத்தில் முளைகள் வரிசையாக நிற்க, அவற்றில் நூலைச் சுற்றி, கீழேயுள்ள கண்ணியைக் கொக்கியால் தூக்கி முளைக்கு மேலாக உள்பக்கம் தள்ளிவிடுவதுதான் இதன் முழு வேலை. 24, 31, 36, 41 முளைகள் கொண்ட வட்ட லூம்கள் நான்கும் சேர்ந்த தொகுப்பாகவே பெரும்பாலும் விற்கின்றன. வட்டமாக இருந்தாலும் முழுச் சுற்றும் போகாமல், வேண்டிய முளைகளில் மட்டும் முன்னும் பின்னும் போய் வந்தால் தட்டையான துண்டு கிடைக்கும். ஆகவே சதுரத்துக்கென்று தனி லூம் வாங்கத் தேவையில்லை, தொகுப்பிலுள்ள மிகச் சிறிய 24 முளை வட்டமே போதும்.

புதியவருக்கு இதில் கிடைக்கும் பெரிய ஆதாயம், முளைகளுக்கு இடையிலுள்ள தூரம் மாறுவதில்லை என்பது. கையின் இழுவை ஓரளவு மாறினாலும் கண்ணியின் அளவைப் பெரும்பாலும் முளையே முடிவு செய்துவிடுகிறது. அதோடு எண்ணிக்கை கண் முன்னே நிற்கிறது. 16 முளைகளில் தொடங்கினால் 16 முளைகளிலும் கண்ணி இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். கண்ணி நழுவினாலும் எந்த முளை காலியாக இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இரண்டு ஊசிப் பின்னலில் இந்த உறுதி கிடைக்காது.

வேலையின் அளவும் குறைவு. தடித்த நூலில், அல்லது நடுத்தர நூல் இரண்டைச் சேர்த்துப் பிடித்து, பெரிய இடைவெளியுள்ள லூமில் 16 கண்ணி, 32 வரிசை என்றால் ஏறக்குறைய 20 செ.மீ. சதுரம் வரும். அதாவது 512 கண்ணிகள். நடுத்தர நூலில் ஊசியால் இதே அளவைப் பின்ன சுமார் 36 கண்ணி, 72 வரிசை, ஆக 2,592 கண்ணிகள் வேண்டும். லூமில் ஒவ்வொரு கண்ணிக்கும் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்றாலும் இந்த ஐந்து மடங்கு வேறுபாடு சாதாரணமானதல்ல.

இனி மறைந்திருக்கும் செலவுகள். லூமோடு வரும் குறிப்பில் முதலில் கற்றுத்தரப்படுவது, முளையைச் சுற்றி நூலை வளைக்கும் எளிய சுற்று. அதை மட்டும் கொண்டு சதுரம் பின்னினால், லூமிலிருந்து கழற்றிய மறுகணமே பக்க ஓரங்கள் பின்பக்கமாகவும், மேலும் கீழுமான ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருண்டுகொள்ளும். இஸ்திரி போட்டு இதைச் சரிசெய்யலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அக்ரிலிக் நூலில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை உருகித் துவண்டு, பளபளப்பாகி, பஞ்சுத்தன்மையை நிரந்தரமாக இழந்துவிடும். சுருளாத சதுரம் வேண்டுமென்றால் ஒரு வரிசை நிட் (நேர்க் கண்ணி), ஒரு வரிசை பர்ல் (அதன் மறுபக்கத் தோற்றமுள்ள கண்ணி) என்று மாற்றி மாற்றிப் பின்னும் கார்ட்டர் பின்னலைக் கற்றே ஆக வேண்டும். லூமில் பர்ல் வரிசை மெதுவானது. நூலைக் கண்ணிக்குக் கீழே வைத்து, கொக்கியை மேலிருந்து கண்ணிக்குள் இறக்கி, புதிய கண்ணியை இழுத்தெடுத்து, பழையதைக் கழற்றி, புதியதை அதே முளையில் மாட்ட வேண்டும். முதல் இரண்டு சதுரங்களில் இது பொறுமையைச் சோதிக்கும், பிறகு கை பழகிவிடும். கார்ட்டர் பின்னலின் இன்னொரு நன்மை, அளவுநாடா இல்லாமலே சதுரத்தைச் சரிபார்க்கலாம் என்பது. எத்தனை கண்ணிகளோ அத்தனை மேடுகள் (இரண்டு வரிசைக்கு ஒன்றாகப் புடைத்துத் தெரியும் கோடுகள்) வந்துவிட்டால் துண்டு ஏறக்குறையச் சதுரமாகிவிட்டது என்று கொள்ளலாம்.

லூமில் இருக்கும்போது துண்டு அகலமாகத் தெரியும், கழற்றியதும் சுருங்கும். இதை அறியாமல், லூமில் மாட்டியபடியே 20 செ.மீ. அளந்து முடித்துவிடுபவர்களுக்கு அகலம் குறைந்த செவ்வகம்தான் கிடைக்கும். தொடக்க ஓரத்தையும் முடிவு ஓரத்தையும் கவனிக்க வேண்டும். முளையைச் சுற்றிய தளர்வான தொடக்கத்தோடு இறுக்கமான முடிவு சேர்ந்தால் சதுரத்தின் ஒரு பக்கம் குறுகிவிடும். குரோஷே ஊசியால் முளைகளைச் சுற்றிச் சங்கிலி போட்டுத் தொடங்குவது, முடிவு ஓரத்தின் தோற்றத்தோடும் இழுவையோடும் நன்கு பொருந்தும். ஒவ்வொரு வரிசையின் முதல் முளையையும் பின்னாமல் தாண்டிச் சென்றால் பக்க ஓரங்களிலும் சீரான சங்கிலி அமையும். பின்னர் தைக்கும்போது ஊசி எங்கே நுழைய வேண்டும் என்பதை அந்தச் சங்கிலியே காட்டிவிடும்.

நூலின் எடைதான் இதில் அதிகம். நடுத்தர நூலை இரண்டாகப் பிடிப்பதால் போர்வை கனமாகவும் கதகதப்பாகவும் வரும், பணமும் அதற்கேற்பக் கூடும். குளிர் நிலத்துக்கு இது நல்லது, சமவெளிக்கு மிகை. மணிக்கட்டு வலி உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஊசிகளைத் தாங்கிப் பிடிக்கும் சிரமம் லூமில் இல்லை, லூமை மடியிலோ மேசையிலோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு கண்ணியையும் கொக்கியால் தூக்கும் அசைவு மணிக்கட்டுக்குத் திரும்பத் திரும்ப வேலை கொடுக்கும். இறுக்கமாகச் சுற்றும் பழக்கம் உள்ளவருக்கு அது விரைவில் வலியாகிவிடும்.

இரண்டு வரிசை முளைகள் எதிரெதிரே நிற்கும் நீள லூமும் உண்டு. எட்டு வடிவில் சுற்றிப் பின்னினால் இருபுறமும் ஒரே தோற்றமுள்ள, சுருளாத, தடித்த துணி வரும். பர்ல் கற்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு அடுக்காக வருவதால் நூல் மிகுதியாகச் செலவாகும், 35 சதுரங்களுக்கு அந்தக் கனம் வேண்டாம் என்பதே என் எண்ணம்.

## ஆணித்தறி

பின் லூம் என்ற பெயரில் விற்கப்படும் இது பின்னும் கருவியல்ல, நெய்யும் கருவி. உள்ளங்கையில் அடங்கும் சட்டத்தின் நான்கு பக்கமும் மெல்லிய ஆணிகள் நிற்கும். நூலை மூன்று அடுக்காகச் சுற்றிவிட்டு, நீண்ட ஊசியால் மேலும் கீழுமாக நெய்து முடித்தால் 10 செ.மீ. சதுரம் வந்துவிடும். 1930களில் அமெரிக்காவில் வீவ்-இட் என்ற பெயரில் இது பரவலாக விற்றது. இன்று ஷாக்ட் நிறுவனத்தின் ஜூம் லூம் நன்கு அறியப்பட்டது.

ஒரே அளவு என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. நான்கு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் சிறு வளையங்கள் இருக்கும். ஒரு சதுரத்தின் வளையத்தை அடுத்ததன் வளையத்தோடு சேர்த்துத் தைத்தால் மூலைகள் தாமாகவே பொருந்தும். பழகியபின் ஒரு சதுரத்துக்குக் கால் மணி நேரம் போதும் என்பதால் பயணத்திலும் காத்திருக்கும் வேளையிலும் செய்து சேர்க்கலாம். நூலும் சிக்கனம். ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய 7.3 மீட்டர். 140 சதுரங்களுக்குச் சுமார் 1,020 மீட்டர். 100 கிராமில் 200 மீட்டர் வரும் நடுத்தர நூலென்றால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

கால் மணி நேரம் என்பது கேட்க இனிமையாக இருந்தாலும், நான்கு சிறிய சதுரங்கள் சேர்ந்துதான் ஒரு 20 செ.மீ. சதுரத்தின் பரப்பு ஆகும். அப்படிப் பார்த்தால் நேரத்தில் பெரிய ஆதாயம் இல்லை. அதன்மேல் 25.6 மீட்டர் தையலும் 280 முனைகளும் காத்திருக்கும். முடிவு முனையை அரை மீட்டர் நீளத்துக்கு விட்டு, அதையே தையல் நூலாகப் பயன்படுத்தினால் முனைகளின் தொல்லை குறையும், தையலின் நீளம் குறையாது. நெய்த துணி பின்னலைப் போல இழுபடாது, மெல்லியதாகவும் இருக்கும். இந்தியாவில் இந்தக் கருவி சாதாரண நூல் கடைகளில் கிடைப்பது அரிது. மரச்சட்டத்தில் சம இடைவெளியில் ஆணி அறைந்து, மூலைவிட்டமாக நெய்யும் முறையில் வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் உண்டு. அப்படிச் செய்வதானால் சட்டத்தை 20 செ.மீ. அளவில் அமைத்துக்கொள்வது அறிவுடைமை.

வெப்பமான ஊரில் மெல்லிய பருத்திப் போர்வை வேண்டுபவருக்கும், தொட்டிலுக்கேற்ற சிறு போர்வை செய்பவருக்கும், ஒவ்வொரு சதுரமும் வெவ்வேறு நிறத்தில் வேண்டும் என்று விரும்புபவருக்கும் ஆணித்தறிதான் சரி.

## குரோஷே

தமிழ்நாட்டில் இதற்கு இருக்கும் பெரும் பலம் மனிதர்கள். பள்ளித் தையல் வகுப்பில் கற்றவர்களும் பாட்டியிடம் கற்றவர்களும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் பெண்கள் கூடித் தாம் பின்னிய சதுரங்களை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்த அளவுக்கு இங்கே கைகள் உண்டு. நிட்டிங் லூம் தெரிந்தவரை அக்கம்பக்கத்தில் தேடிக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதல்ல. அதைப் பெரும்பாலும் காணொளி பார்த்தே கற்க வேண்டியிருக்கும்.

குரோஷேயில் எந்த நேரத்திலும் ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண்ணி. தவறினால் இழுத்துப் பிரித்துவிட்டு அங்கிருந்தே தொடரலாம். நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுற்றுச் சுற்றாக வளரும் கிரானி சதுரத்தில் இன்னொரு வசதி உண்டு. கடைசிச் சுற்றைப் பின்னும்போதே பக்கத்துச் சதுரத்தோடு கோத்துக்கொண்டு போகலாம். தையல் வேலையே மிஞ்சாது. நான் முதலில் சொன்ன அளவுகோலின்படி இது மிகப் பெரிய மதிப்பு.

எனினும் முற்றிலும் புதியவருக்கு முதல் வாரங்கள் எளிதாக இருப்பதில்லை. எந்தத் துளையில் ஊசியை விடுவது என்று கண்ணால் இனம் காணப் பழகும்வரை மூலைகள் வழிதவறும், சதுரம் வட்டமாகும். நூலைப் பிடிக்கும் இடது கையின் இழுவைதான் கண்ணியின் அளவை முடிவு செய்கிறது, உதவிக்கு முளை எதுவும் இல்லை. பொதுவாக இதே பரப்புக்கு ஊசிப் பின்னலைவிட நூல் கூடுதலாகச் செலவாகும். நிறங்களின் ஈர்ப்பும் ஒரு மறைமுகச் செலவு. ஒரு சதுரத்தில் நான்கு நிறம் என்றால் எட்டு முனைகள், 35 சதுரங்களில் 280 முனைகள். தையலைத் தவிர்த்துக் கிடைத்த ஆதாயம் முனைகளை மறைப்பதிலேயே கரைந்துவிடும். நடுவில் மூன்று சுற்றுக்கு ஒரு நிறம், ஓரத்துக்கு எல்லாச் சதுரத்துக்கும் பொதுவான ஒரு நிறம் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

## இரண்டு ஊசிப் பின்னல்

கருவி மலிவு, எங்கும் கிடைக்கும், கற்றால் ஸ்வெட்டர்வரை போகலாம். ஆனால் போர்வை மட்டுமே நோக்கமென்றால் முதல் முயற்சிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நழுவிய கண்ணியைப் பிடிக்கத் தெரியாதவருக்கு ஒரே நொடியில் பல வரிசைகள் இறங்கிவிடும், அளவும் கைக்குக் கை மாறும். ஸ்வெட்டர் பின்னக் கற்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, பழகுவதற்காகவே சதுரங்கள் பின்னுபவருக்கு இது பொருத்தமானது. அவர் முதல் ஐந்து சதுரங்களைப் போர்வைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

## நூல் பற்றிய முடிவு

அக்ரிலிக் விலை குறைவு, நிறங்கள் மிகுதி, துவைப்பது எளிது. வெப்பம் ஒன்றுதான் ஆகாது. அசல் கம்பளி கதகதப்பானது, ஆனால் சுடுநீரில் அலசிக் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும். பரிசாகக் கொடுக்கும் போர்வையென்றால் பெறுபவர் அதை எப்படித் துவைப்பார் என்று எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பருத்தி நம் ஊருக்கு ஏற்றது, எனினும் கனமானது, நனைந்தால் இன்னும் கனக்கும், மழைக்காலத்தில் உலர நாளாகும். ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் கூம்பில் சுற்றி விற்கும் பருத்தி நூல் மெல்லியது. பல இழைகளைச் சேர்த்துப் பிடித்தால்தான் லூமுக்குப் பொருந்தும்.

ஒரு போர்வைக்குள் இரு வகை நூலைக் கலக்கக் கூடாது. வெவ்வேறு தடிமனால் அளவு மாறுவது முதல் துன்பம். துவைத்தபின் ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காமல் நிற்பது அடுத்தது. வீட்டில் மீந்த நூல்களைத் தீர்க்கவே ஒட்டுப் போர்வை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஒரே நார், ஒரே தடிமன் என்றால் மட்டும் அதற்கு இசையலாம்.

## தைக்க மனமில்லாதவருக்கு ஒரு நடுவழி

லூமைத் தேர்ந்தெடுத்து, ஆனால் தையலை நினைத்துத் தயங்குபவர்கள் சதுரங்களைத் தனித்தனியாகக் கழற்றாமல், ஒரே நீளப் பட்டையில் 32 வரிசைக்கு ஒருமுறை நிறம் மாற்றிக்கொண்டு போகலாம். ஏழு கட்டங்கள் கொண்ட ஐந்து பட்டைகள். தைக்க வேண்டியது நான்கு நீளத் தையல்கள் மட்டுமே, மொத்தம் 5.6 மீட்டர், பாதிக்கும் குறைவு. நூல் முனைகள் குறையாது, சதுரங்களை இறுதியில் இடம் மாற்றி அழகு பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். பலர் ஆளுக்குச் சில சதுரங்கள் பின்னித் தருவதானால் இது உதவாது. 1991இல் அமெரிக்காவில் தொடங்கிய வார்ம் அப் அமெரிக்கா இயக்கம் 7 அங்குல அகலம், 9 அங்குல நீளத் துண்டுகள் 49ஐச் சேர்த்து ஒரு போர்வை என்று வகுத்ததும் பல கைகள் பங்கிட்டுச் செய்வதற்காகத்தான்.

## யாருக்கு எது

குரோஷே ஏற்கெனவே தெரிந்தவரும், அருகில் கற்றுத்தர ஆள் உள்ளவரும் வேறெதையும் வாங்க வேண்டாம். எதுவும் தெரியாமல் தனியாகக் கற்பவருக்கு என் பரிந்துரை 24 முளை வட்ட லூம், தடித்த அக்ரிலிக் நூல், 20 செ.மீ. கார்ட்டர் சதுரம், மூன்று நிறத்துக்கு மேல் போகாத தேர்வு. சமவெளியில் இருந்துகொண்டு மெல்லிய போர்வை வேண்டுபவரும், தையலில் உண்மையான விருப்பம் உள்ளவரும் ஆணித்தறிக்குப் போகலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மொத்த நூலையும் முதல் நாளே வாங்க வேண்டாம். ஒரே ஒரு பந்து வாங்கி இரண்டு சதுரங்கள் பின்னி, அவற்றை ஒன்றோடொன்று தைத்து, நீங்கள் வழக்கமாகத் துவைக்கும் முறையிலேயே துவைத்து உலர்த்துங்கள். கார்ட்டர் சதுரங்களென்றால் ஒன்றின் மேட்டுக்கு மற்றதன் மேடு நேராக நிற்கும்படி ஊசியை நுழைத்துத் தைக்க வேண்டும். உலர்ந்தபின் இரண்டும் அரை செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் இன்னும் இரண்டு சதுரங்கள் பழகிவிட்டுத் தொடங்குவது நல்லது. இரண்டும் ஒன்றாக இருந்து 20 செ.மீ. மட்டும் வரவில்லையென்றால் முளை எண்ணிக்கையை ஒன்றிரண்டு கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம். பிறகு ஒரு சதுரத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, 35ஆல் பெருக்குங்கள். 30 கிராம் என்றால் 1,050 கிராம். தையலுக்கும் சுற்றோரத்துக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, பந்துகளின் உறையில் அச்சிட்டிருக்கும் சாயத் தொகுதி எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து, மொத்தமாக வாங்கிவிடுங்கள். அடுத்த தொகுதியில் அதே நிறம் அதே சாயலில் வரும் என்பதற்கு உறுதியில்லை.